நாலு மணி நேரம், இரண்டு பெருநாள்

சிங்கப்பூரிலிருந்து மதராசுக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று யார் கேட்டாலும் உங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஏன் என்று நீங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டுப் பார்த்துவிட்டீர்கள். அவள் சொல்லத் தொடங்கினால் சோடா வரைக்கும் வருவாள். அதற்கு மேல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கதை ஒரு நாளும் முடிந்ததில்லை. ஆகையால் நானே எழுதிவிடுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். தைக்க வருகிற அளவுக்கு எழுத வராது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கேள்விக்குப் பதில். நாலு மணி நேரம். தூரம் ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு மைல். இப்போது இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். அறுபதுகளின் கடைசியில், கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், இதைக் கண்டுபிடிக்க நானும் உங்கள் மாமாவும் நோன்பு மாதத்தில் பாதியைச் செலவழித்தோம். கண்டுபிடிக்காவிட்டால் என் கல்யாணமே நின்றுபோகும் என்று பயந்துகொண்டிருந்தோம்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பள்ளிவாசல் தெருவில் ஒற்றை மிஷின் போட்ட தையல்கடை வைத்திருந்தேன். உங்கள் மாமா தன் சொந்த ஊரான சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தான். அங்கே துணி எடுக்கிறவர்கள் தைக்கவும் கொடுத்தால், மூட்டை கட்டி ரயிலில் கொண்டுவந்து என்னிடம் போடுவான். என்னைவிடச் சின்னவன். பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். ஒரு நாள் திடீரென்று, "மச்சான்" என்றான்.

நான் ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். "யார்றா மச்சான்?" என்றேன்.

"எங்க வீட்லயும் பேசியாச்சு, உங்க வீட்லயும் பேசியாச்சு. உனக்குத்தான் கடைசியாத் தெரியுது," என்றான்.

ஊசி விரலில் ஏறிவிட்டது. எனக்குப் பெண் நிச்சயமான விதம் இதுதான்.

பெண்ணின் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, சிங்கப்பூரில் ஒரு மளிகைக் கிட்டங்கியில் வேலையாக இருந்தார். முன்பு மூத்த மகள் கல்யாணத்துக்கு அவர் கப்பலில் கிளம்பியிருக்கிறார். அந்தக் காலத்தில் கப்பல் என்றால் ஒரு வாரம் போல ஆகும். அந்தத் தடவை புயலில் மாட்டிக்கொண்டு இன்னும் தாமதமாகிவிட்டது. இங்கே ஊரைக் கூட்டிவிட்டார்கள், காத்திருக்க முடியவில்லை. அவருடைய தம்பி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுத்து நிக்காஹ் முடிந்துவிட்டது. பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, "என் மகளை உனக்குக் கொடுத்தேன்" என்று சொல்வதுதான் நம் கல்யாணத்தில் முக்கியமான இடம். அந்த இடத்துக்கு அவர் இல்லை. அவர் வீடு வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துவிட்டார்கள். பந்தல்கால் நட்ட குழியில் கால் இடறி விழுந்தாராம். எழுந்திருக்காமல் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். பன்னிரண்டு வயதுப் பெண்ணாக இருந்த உங்கள் அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். யாரிடமும் சரியாகப் பேசாமல் கப்பலேறினவர், ஏழு வருஷமாகத் திரும்பி வரவில்லை. பணம் மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

எனக்குப் பேசி முடித்ததும் உங்கள் அம்மா ஒரே வார்த்தை சொன்னாளாம். "அத்தா வந்து கையப் புடிச்சுக் குடுக்கணும். இல்லேன்னா நான் சம்மதம் சொல்ல மாட்டேன். வாயத் தொறக்கவே மாட்டேன்."

பெண் சம்மதம் சொல்லாமல் நிக்காஹ் இல்லை. அவள் வாயைத் திறக்கமாட்டேன் என்றால் திறக்கமாட்டாள். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நோன்பு பிறந்து சில நாளில், கப்பலில் வந்த பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் மாமனார் சொல்லியனுப்பிய சேதியைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை கப்பல் வேண்டாமாம், ஏரோப்ளானாம். "பெருநாள் தொழுகை முடிஞ்சதும் ஏறிடுவேன். அன்னிக்கே மதராஸ்ல எறங்கிடுவேன். மறுநாள் நிக்காஹ் வச்சிடுங்க. எனக்கு லீவு கொஞ்சம்தான்." இதுதான் சேதி.

எங்கள் தெருவில் அதுவரை யார் வீட்டுக்கும் ஆகாயத்திலிருந்து ஆள் இறங்கியதில்லை. சேதி பரவியதும் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. டீக்கடைக்காரர்கூட, "பாய், உங்க மாமனாரு பறந்து வர்றாராமே," என்று எட்டிப் பார்த்து விசாரித்தார். நானே பறப்பதுபோல மிதித்தேன் மிஷினை. நாலு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தேன்.

அப்போதுதான் கணக்கு தொடங்கியது. பெருநாள் அன்று மீனம்பாக்கத்தில் போய் நிற்கவேண்டியது நானும் மச்சானும் என்று முடிவாகியிருந்தது. விமானம் எத்தனை மணிக்கு வரும்? எங்கள் பெருநாள் தொழுகையை முடித்துவிட்டுப் போனால் நேரம் இருக்குமா, இருக்காதா? ஒரு தடவை யாருமே இல்லாத பந்தலில் வந்து விழுந்த மனுஷன். இந்தத் தடவை யாருமே இல்லாத விமான நிலையத்தில் இறங்கக்கூடாது. மச்சான் இதில் உறுதியாக இருந்தான்.

அவன் தன்னுடைய பழைய பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்தான். நான் கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்தேன். கட்டிங் மேஜைமேல் ஆசியா கண்டத்தை விரித்துப்போட்டு மதராசில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு சிங்கப்பூர் வரைக்கும் இழுத்தேன். ஒரு சட்டைக் கையின் கஃப் பட்டி அகலம்கூட இல்லை.

"இவ்வளவுதானா?" என்றேன். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"கடலூர்லேர்ந்து சிதம்பரம் எவ்வளவுன்னு பாரு மச்சான்," என்றான்.

பார்த்தேன். இரண்டு ஊரும் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. இருந்திருந்தாலும் ஒரே தையல் புள்ளியில் இரண்டும் அடங்கிப்போயிருக்கும். அந்த முப்பது மைலைத் தாண்டி உங்கள் அம்மாவை ஒரு தடவை பார்க்க எனக்கு வழியில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பார்க்கிற வழக்கம் அப்போது கிடையாது. அவள் அப்பா ஆயிரத்து எண்ணூறு மைலை ஒரு மத்தியானத்தில் தாண்டப்போகிறார். நினைக்க நினைக்கத் தலை கிறுகிறுத்தது. நோன்பு மயக்கமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

விமானம் மணிக்கு ஐந்நூறு மைல் போகும் என்று ஒருவர் சொன்னார். வகுத்துப் பார்த்தோம். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. "ஏறி எறங்குற நேரம் வேணாமா? நாலுன்னே வச்சிக்க," என்றான் மச்சான். நாலு என்று சாக்கட்டியால் மேஜையில் எழுதிச் சுற்றி வட்டம் போட்டேன். கணக்கு முடிந்தது என்று நினைத்தோம்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத் ஜுப்பாவுக்கு அளவு கொடுக்க வந்தார். நல்ல மனுஷர், எதையும் நிதானமாகக் கேட்பார். "சிங்கப்பூர்ல நேரம் வேற இல்லையா? அங்க எட்டுன்னா நமக்கு ஆறுன்னு சொல்லுவாங்களே," என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்ப அங்க பெருநாள் தொழுது முடிக்கிறப்ப நாம எந்திரிச்சே இருக்க மாட்டோமே!" என்றான் மச்சான்.

"அப்ப நாம தொழுது முடிக்கிறப்ப அவரு பாதி சமுத்திரம் தாண்டியிருப்பாரே!" என்றேன் நான்.

அதன்பிறகு கடையில் வேலை ஓடவில்லை. துணி கொடுக்க வந்தவர், வாங்க வந்தவர் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்று பேசினார்கள். அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது, திரும்பிப் போகும்போது கிடைக்குமா, போகாமலே இங்கே தங்கிவிட்டால் அது லாபம்தானா என்று ஒருவர் கேட்டார். நோன்போடு விமானத்தில் ஏறினவன் எந்த ஊர் நேரத்துக்கு நோன்பு திறப்பான் என்று மச்சான் கேட்டான். "கண்ணுக்கு முன்னாடி சூரியன் இருக்கிற வரைக்கும் திறக்கக் கூடாது," என்றார் ஹஜ்ரத். "அப்ப மேற்கால வர்றவனுக்கு ரெண்டு மணி நேரம் ஜாஸ்தி நோன்பா? ஐயோ பாவம்," என்று எல்லோரும் முகம் தெரியாத அந்தப் பயணிக்காக இரக்கப்பட்டோம்.

கடைசியில் திட்டம் இப்படி ஆனது. பெருநாள் காலையில் விடிவதற்கு முன்னாலேயே வாடகைக் காரில் கிளம்பிவிடுவது. தொழுகையைத் திண்டிவனத்தில் முடித்துக்கொள்வது. பத்தரைக்கெல்லாம் மீனம்பாக்கம். விமானம் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் அதற்கு முன்னால் நாங்கள் நிற்போம். தப்பே வராத ஏற்பாடு.

சூரியனைப் பற்றி அத்தனை பேசினோம் பாருங்கள். பெருநாளை முடிவு செய்கிற பிறையைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும் தெருவே மேற்கே பார்த்துக்கொண்டு நின்றது. மார்கழி மழைக் காலம். வானம் கழுவாத சட்டிபோல அடைத்துக்கொண்டு கிடந்தது. கடலுக்குப் போய் அப்போதுதான் கரையேறின மீன்காரர்களிடம் ஓடிப்போய்க் கேட்டார்கள். "மானமே தெரியல பாய், இதுல எங்கேர்ந்து பொற தெரியும்?" என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஊரிலிருந்தும் சேதி இல்லை. சரி, முப்பது நோன்பையும் முடிப்போம் என்று ஹஜ்ரத் அறிவித்துவிட்டார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். தைத்து முடிக்காத சட்டை மலைபோலக் கிடந்தது. ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்ததே!

முப்பதாம் நோன்பு. சாயங்காலம் பாங்கு சொல்ல இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். மச்சான் காலை ரயிலிலேயே சிதம்பரத்திலிருந்து வந்துவிட்டான். மறுநாள் காருக்கு டிரைவரிடம் நிச்சயமாகச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போயிருந்தான். நான் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். வாய் உலர்ந்து, காது அடைத்து, ஆனால் மனசு மட்டும் பட்டம்போல மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. நாளைக்கு மாமனார். நாளை மறுநாள் கல்யாணம்.

வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. ஒருவர் இறங்கினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். புதுத் தொப்பி, புதுச் சட்டை, கண்ணில் சுருமா மை. அத்தர் வாசனை அவருக்கு முன்னால் கடைக்குள் வந்தது. எதிர்க் கடையில் ஒரு கோலி சோடாவை உடைத்து வாங்கிக்கொண்டு, அதைக் குடித்தபடியே என் கடைப் படியில் ஏறினார்.

எனக்குப் பகீரென்றது. நோன்பு நேரம், பள்ளிவாசல் தெரு, தொப்பி வைத்துக்கொண்டு சோடா! தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பிறகு, பயணத்தில் இருக்கிறவருக்கு நோன்பு விலக்கு உண்டே, டாக்ஸியில் வந்திருக்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"மிஷின் நிக்கவே நிக்காதா தம்பி?"

"இன்னிக்கு எப்பிடிங்க நிக்கும்? தலைக்கு மேல வேலை. புதுசா எதுவும் வாங்கறதில்லீங்க. ஒரு வாரம் கழிச்சு வாங்க."

"நல்ல நாளும் அதுவுமா இப்பிடி ஓட்றியே. தொழுவறதெல்லாம் உண்டா?"

எனக்குச் சுருக்கென்றது. சோடா குடித்துக்கொண்டு என்னைத் தொழுகை கேட்கிறார்! "அஞ்சு வேளையும் தொழுவுறவன்தாங்க," என்றேன். அவர் நம்பாததுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார். இன்னொரு வாய் சோடா குடித்தார்.

பெரியவர் மனசு வருத்தப்படக்கூடாது என்று நான் பேச்சை மாற்றினேன். அந்த மாதம் எனக்குத் தெரிந்த பேச்சு ஒன்றே ஒன்றுதான். "நாளைக்கு எனக்கு ஒரு முக்கியமான ஜோலி இருக்குங்க. மாமனாரு சிங்கப்பூர்லேர்ந்து பிளேன்ல வர்றாரு. அதுக்குள்ள இதெல்லாம் முடிக்கணும்."

சோடா பாட்டில் அவர் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "நாளைக்கா?"

"ஆமாங்க. எவ்வளவு நேரம்னு நினைக்கிறீங்க? நாலே மணி நேரம்!" இஞ்சு டேப்பை எடுத்து மேஜையில் நீட்டினேன். "இது மதராசு. இது சிங்கப்பூரு. நடுவுல பூரா தண்ணி. ஏரோப்ளான்ல ஏறினதும் இடுப்புல பெல்ட்டு போட்டுக் கட்டிடுவாங்க. எறங்குற வரைக்கும் அவுக்க மாட்டாங்க. மூச்சு முட்டுச்சுன்னா ஜன்னலத் தொறந்து விடுவாங்க. நம்ம ஆளுங்க யாரும் போனதில்ல, அதனால தெரியாது."

"அப்பிடியா," என்றார் அவர். "ஜன்னலத் தொறப்பாங்களா?"

"கொஞ்சமாத்தான் தொறப்பாங்க. அப்புறம் இன்னொண்ணு. அங்க பன்னண்டுன்னா இங்க பத்து. ரெண்டு மணி நேரத்த நடு ஆகாசத்துல திருப்பிக் குடுத்துடுறாங்க."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். ரசிக்கிறார் என்று எண்ணி எனக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. மாமனாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவரிடமே அவிழ்த்துவிட்டேன்.

"ஆளு கொஞ்சம் கோவக்காரராங்க. மூத்த பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வந்து சேரல. அந்தக் கோவத்துல ஏழு வருசமா ஊருக்கே வரலியாம்."

அவர் முகம் இறுகிப்போனது. "கப்பல் லேட்டாப் போனா மனுசன் என்னா பண்ணுவான்? நீந்தியா வருவான்?"

"அதாங்க நானும் சொல்றேன். வீட்ல யாரும் அவர் மேல தப்பு சொல்லல. அந்தப் பொண்ணு, நான் கட்டிக்கப் போற பொண்ணு, என்னா சொல்லியிருக்குன்னு கேளுங்க. எங்க அத்தா வந்து கையப் புடிச்சுக் குடுத்தாத்தான் சம்மதம் சொல்லுவேன், இல்லேன்னா வாயே தொறக்க மாட்டேன்னு சொல்லிடுச்சு. அவரு வரலேன்னா எனக்கும் கல்யாணம் இல்லீங்க. என் பொழப்பே நாளைக்கு அந்தப் பிளேனுலதான் இருக்கு."

அவர் பாட்டிலை மடியில் இறக்கிக்கொண்டார். முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். சுருமா கன்னத்தில் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. சோடா கேஸ் மூக்கில் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். "மெதுவாக் குடிங்க, பெரியவரே," என்று வேறு சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் மச்சான் திரும்பி வந்தான். படியில் ஒரு காலை வைத்தவன் அப்படியே நின்றான். அவரைப் பார்த்தான், அவர் கையிலிருந்த சோடாவைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான்.

"அத்தா?"

அவருக்கு இவனை அடையாளம் தெரியவில்லை. அவர் விட்டுப்போனபோது இவன் பதினாலு வயசுப் பையன். இப்போது மீசை வேறு. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து ஒரே சத்தம் போட்டார்.

"வாடா! இப்பத்தான் வர்றியா? பெருநாள் அன்னிக்கு ஏர்போர்ட்ல என்னை அனாதையா நிக்கவச்சிட்டு எங்கடா போனீங்க எல்லாரும்? ஒரு மணி நேரம் நின்னேன்! இங்க வந்து பாத்தா மாப்பிள்ள பெருநாளும் அதுவுமா மிஷின் ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்!"

"அத்தா," என்றான் மச்சான். குரல் எலிக்குரலாகப் போயிருந்தது. "பெருநாள் நாளைக்கு."

"காலையில நான் பெருநாள் தொழுதுட்டு, பிரியாணி தின்னுட்டு வந்து நிக்கிறேன், நாளைக்குங்கிறான்!"

"இங்க பொற தெரியல அத்தா. இன்னிக்கு முப்பதாம் நோன்பு."

மாமனார் மெதுவாகத் திரும்பினார். தெருவைப் பார்த்தார். மூடிக் கிடக்கிற டீக்கடை, பள்ளிவாசல் வாசலில் கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் வரிசையாகக் காத்திருக்கிற கிண்ணங்கள், அவரையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிற இருபது பேர். அப்புறம் கையிலிருந்த சோடாவைப் பார்த்தார். 

"யா அல்லாஹ்," என்றார்.

நான் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். விமான ஜன்னலைத் திறந்து காட்டினவன் அல்லவா!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹஜ்ரத் வந்தார். அவரிடம் வழக்கு வைக்கப்பட்டது. அது லேசான வழக்கு இல்லை, பிள்ளைகளே. பெருநாள் அன்று நோன்பு வைக்கக்கூடாது, அது ஹராம். நோன்பு அன்று பகலில் சாப்பிடக்கூடாது, அதுவும் தப்பு. இந்த மனுஷர் பெருநாளில் கிளம்பி நாலு மணி நேரத்தில் நோன்பில் வந்து இறங்கியிருக்கிறார். இப்போது சோடாவைக் குடிப்பதா, கீழே வைப்பதா?

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். சிரிப்பை அடக்குவதற்கும் அந்த நேரம் அவருக்குத் தேவைப்பட்டது. "காலையில நீங்க இருந்த ஊர்ல பெருநாள். அதுல ஒரு குத்தமும் இல்ல. வந்து சேர்ந்த ஊர்ல நோன்பு. இனிமே இந்த ஊரு ஜனங்களோட சேர்ந்துக்கங்க. பாங்கு சொல்ற வரைக்கும் வாயக் கட்டுங்க," என்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

மாமனார் சோடாவை என் மேஜையில் வைத்தார். அரைப் பாட்டில் அப்படியே இருந்தது. அந்த அரை மணி நேரம் அவர் பட்ட பாடு! முப்பது நாள் பட்டினி கிடந்த எங்களுக்குப் பசி மரத்துப் போயிருந்தது. காலையில் பிரியாணி தின்றவருக்கு அப்போதுதான் உலகத்துப் பசியெல்லாம் சேர்ந்து வந்தது. "என்னா மணி?" என்பார். ஒரு நிமிஷம் கழித்து, "இப்ப?" என்பார். சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடின தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "எனக்கு ராத்திரி இஷா தொழுகையே வந்துடுச்சேடா," என்று மகனிடம் முறையிடுவார். மச்சானுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அப்பாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

பாங்கு சொன்னதும் பள்ளிவாசலில் எல்லோருக்கும் நடுவில் அவரை உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தார்கள். மூன்று கிண்ணம் குடித்தார். நாலாவது கிண்ணத்துக்குக் கூச்சப்பட்டார். கஞ்சி முடிந்ததும் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. பாதி மாதமாக நாங்கள் கணக்குப் போட்ட விஷயத்துக்குச் சாட்சி சொல்ல ஆளே வந்துவிட்டாரே! எத்தனை மணி நேரம் ஆச்சு, மேகத்துக்கு மேலேயா கீழேயா, கடல் எப்படித் தெரிந்தது என்று ஆளுக்கொரு கேள்வி.

மாமனார் எல்லோரையும் பார்த்தார். "எனக்கு என்னா தெரியும்? ஏறி உக்காந்ததும் கண்ண மூடிக்கிட்டேன். தெரிஞ்ச சூராவெல்லாம் ஓதினேன். தெரியாததையும் ஓதினேன். எறங்குங்கன்னு ஒரு பொண்ணு வந்து தொட்டுச் சொன்னப்பத்தான் தொறந்தேன்," என்றார்.

பள்ளிவாசல் என்றுகூடப் பார்க்காமல் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஹஜ்ரத் வாயைப் பொத்திக்கொண்டு தூண் பக்கம் போய்விட்டார்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. யாரென்று தெரிந்த பிறகு மாமனார் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. டாக்ஸி சிதம்பரத்துக்குக் கிளம்பத் தயாராக நின்றது. மச்சான் முன்னால் ஏறிக்கொண்டான். மாப்பிள்ளை போகக்கூடாது. நான் ஓரமாக நின்றேன். அவர் கதவைத் திறந்தவர், மூடிவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, என் மக சொன்னதாச் சொன்னியே. அது நெசமா, இல்ல ஜன்னலத் தொறக்கிற மாதிரியா?"

"நெசங்க மாமா," என்றேன். "மச்சானைக் கேளுங்க. ஜன்னல்தான் நானாச் சொன்னது."

"என்னாடா?" என்று காருக்குள் பார்த்துக் கேட்டார்.

"நெசம்தான் அத்தா. மூணு மாசமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கா."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "என்னை யாரும் எதிர்பாக்க மாட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டுத்தான் வந்தேன். ஏர்போர்ட்ல யாரும் இல்லேன்னதும் சரிதான்னு தோணுச்சு. போன தடவ மாதிரியே திரும்பிடலாமான்னுகூட நெனச்சேன். அதுக்கு முன்ன மாப்பிள்ளைய மட்டும் பாத்துட்டுப் போலாம்னு, பள்ளிவாசல் தெருத் தையல்கடைய விசாரிச்சு வந்து எறங்கினேன்," என்றார். அப்புறம் என்னைக் கட்டிப் பிடித்து, "பெருநாள் முபாரக்" என்றார். "எனக்கு இன்னிக்கு. உனக்கு அட்வான்ஸ்."

மறுநாள் எங்களுக்குப் பெருநாள். அவருக்கு இரண்டாவது பெருநாள். அதே புதுச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு சிதம்பரத்தில் மறுபடி தொழுதாராம், மறுபடி பிரியாணி தின்றாராம். அதற்கு மறுநாள் என் நிக்காஹ்.

சிதம்பரம் வீட்டு வாசலில் பந்தல் நிறைந்திருந்தது. மாமனார் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து என் வலது கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். பெண்ணின் சம்மதம் கேட்டுவர, அவள் தரப்புக்கு வக்கீல் என்று நிறுத்தின பெரியவரும் இரண்டு சாட்சிகளும் உள்ளே போனார்கள். சாதாரணமாகப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். இரண்டு தடவை, மூன்று தடவை கேட்பார்கள். பக்கத்தில் இருக்கிற பெண்கள் சொல்லு சொல்லு என்று இடிப்பார்கள். அப்புறம் காதில் விழுந்ததா இல்லையா என்று சந்தேகப்படுகிற மாதிரி ஒரு முனகல் வரும். அதற்குக் கொஞ்ச நேரமாகும் என்று எல்லோரும் தாம்பூலத்தை எடுத்தார்கள்.

"அத்தா கையப் புடிச்சுட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. நான் உங்கள் அம்மாவின் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"புடிச்சுட்டாரும்மா," என்றார் வக்கீல். "உனக்குச் சம்ம..."

"சம்மதம்!"

கேள்வி முடியவில்லை, பதில் பந்தலைத் தாண்டித் தெருவரைக்கும் போய்விட்டது. உள்ளே பெண்கள் சிரித்த சிரிப்பில் யாரோ பாத்திரத்தைத் தட்டிவிட்டார்கள். பந்தலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மாமனார் சொல்லவேண்டிய வார்த்தையைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடி தொடங்கினார். மூன்றாவது தடவைதான் முழுசாகச் சொன்னார். நான் ஏற்றுக்கொண்டேன். துஆவும் ஓதி முடித்தார்கள், சாப்பாட்டுக்குப் பாய் விரித்தார்கள், என் கை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. இடது கையால் சாப்பிட முடியாதே என்று பார்த்தேன்.

"மாமா, கை," என்றேன்.

"இருப்பா, இரு," என்றார். "என்னா அவசரம்?"